நானூற்று அறுபது மரங்களும் நாலு பாக்கெட்டும்

“வியாழக்கிழமைன்னுதானுங்களே சொன்னீங்க?” என்று வெள்ளியங்கிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.

“ஆமாங்க. சாருக்கு வியாழக்கிழமை வேற சோலி வந்துருச்சு. இன்னைக்குப் பதினொன்றரைக்கு உங்க தோப்புல இருப்பாரு” என்றது ஒரு பெண் குரல். “பெருசா ஏற்பாடு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. ஒரே ஒரு எளநி போதுமாம்.”

போன் நின்றது. வெள்ளியங்கிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே கால். பிறகு சன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தார். நானூற்று அறுபது தென்னைகள். சித்திரை வெயிலில் ஒவ்வொரு மரத்திலும் குலை குலையாக இளநீர், வெட்டு வெட்டு என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றைக்கூட அவர் தொட முடியாது.

காரணம் இதுதான். போன வருடம் தோப்பை மருதாசலம் என்கிற வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகை நாளை, புதன்கிழமை, பொழுது சாய்வதோடு முடிகிறது. அதுவரைக்கும் காய், குலை, குரும்பை எல்லாம் மருதாசலத்துடையவை. வியாழன் விடிந்தால்தான் மரங்கள் மறுபடி வெள்ளியங்கிரிக்கு. அதை யோசித்துத்தான் வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்.

வரப்போகிறவர் தாமோதரன். கோயமுத்தூர்க்காரர். ‘பசுங்குலை’ என்ற பெயரில் இளநீரைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனியின் முதலாளி. ஒரே தோப்பிலிருந்து மூன்று வருடத்துக்கு நேரடியாகக் காய் எடுக்க முடிவு செய்து, கடைசியில் இரண்டு தோப்புகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். ஒன்று வெள்ளியங்கிரியுடையது. மற்றது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்காளி நாச்சிமுத்துவுடையது. நாச்சிமுத்து தோப்புக்குப் போன வாரமே வந்து, ஓர் இளநீர் குடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நாச்சிமுத்துவுக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை.

ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் மறுபடி மருதாசலத்திடம்தான் போக வேண்டும். போன மாதம்தான் அவரிடம், “இனி உங்க வாசப்படிய மிதிச்சா என்ற பேரை மாத்திக் கூப்பிடுங்க” என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார் வெள்ளியங்கிரி.

ஆகவே அந்த மருதாசலத்துக்கே போன் போட்டார்.

“ஏனுங் மருதாசலம், ஒரு சின்ன ஒத்தாசை. ஒறம்பரை வர்றாங்க. ஒரே ஒரு எளநி வெட்டிக்கட்டுங்களா?”

“எந்தத் தோப்புலீங்க?”

“நம்ம தோப்புலதானுங்க.”

“நம்ம தோப்பு நாளைக்குப் பொழுதோட வரைக்கும் என்ற தோப்புங்களே.”

“அதுக்குத்தானுங்க கேக்கறேன்.”

“கேளுங்க, நல்லாக் கேளுங்க. போன ஐப்பசியில என்ற சம்சாரம் ஊறுகாய்க்குன்னு உங்க வாய்க்காலோரத்து எலுமிச்சையில நாலு காய் கேட்டா. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

வெள்ளியங்கிரிக்கு ஞாபகம் இருந்தது. ‘குத்தகை தென்னைக்குத்தானுங்க, எலுமிச்சைக்கு இல்லீங்க. குத்தகைன்னா குத்தகை’ என்று சொல்லியிருந்தார்.

“ஒரு எழுத்து மாத்தாம அதையே நானும் சொல்றேனுங்க. குத்தகைன்னா குத்தகை” என்றார் மருதாசலம். “ஒறம்பரைய நல்லாக் கவனிச்சுக்குங்க. மோரு குடுங்க. உடம்புக்கு நல்லது.”

யாருக்கும் தெரியாமல் ஒன்றை வெட்டிவிட்டால் என்ன என்ற நினைப்பு வரத்தான் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. தோப்பு, பாட்டன் சேர்த்தது. வீடு, அப்பன் கட்டியது. வெள்ளியங்கிரி தானாகச் சேர்த்த சொத்து என்று ஊரில் இருந்தது ஒன்றுதான்: சொன்ன சொல்லை மீறமாட்டார் என்ற பேர். அதை ஓர் இளநீருக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை. அக்கம்பக்கத்துத் தோப்பில் போய்க் கேட்கலாமென்றால், நானூற்று அறுபது மரம் வைத்திருக்கிறவன் ஓர் இளநீர் கடன் கேட்டான் என்ற செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் ஆனைமலைவரை போய்ச் சேர்ந்துவிடும்.

டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு முக்குரோட்டுக்குப் போனார்.

“எளநியா?” என்று பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஊருல எளநி வித்தா ஆருங்க வாங்குவா? காய்க்கறதெல்லாம் லாரி லாரியா வடக்க போகுது. இங்க நம்ம குடிக்கறதுக்கு டீதான்.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“பாக்கெட்ல இருக்குதுங்க. சில்லுனு இருக்குது.”

கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பச்சையாய் அடுக்கியிருந்தது. ‘பசுங்குலை – இயற்கை தந்த நீர்ச்சத்து. சர்க்கரை சேர்க்கப்படவில்லை.’ தாமோதரனின் சொந்தச் சரக்கு.

வெள்ளியங்கிரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யோசிக்க யோசிக்க இதில் தப்பு ஒன்றும் இருப்பதாகப் படவில்லை. பாக்கெட்டில் இருப்பதும் இளநீர்தான். கூட்டிலிருந்து பாக்கெட்டுக்குப் போனது, பாக்கெட்டிலிருந்து மறுபடி ஒரு கூட்டுக்குப் போகப்போகிறது. பெண் பிறந்த வீட்டுக்கு வந்துபோவதைப் போலத்தானே இது.

“நாலு குடுங்க” என்றார்.

“என்ன தம்பி, தோப்புக்காரரே பாக்கெட் வாங்கறாப்பல இருக்குது?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூலை மேசையில் நாச்சிமுத்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் முட்டை பப்ஸுமாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேருக்கும் நாலு வருடமாகக் கோர்ட்டில் வழக்கு. வேலியோரத்தில் ஒரு தென்னை. அதன் வேர் நாச்சிமுத்து மண்ணில் இருந்தது. ஒரு ஆடிக்காற்றில் சாய்ந்து, தலையைக் கொண்டுவந்து வெள்ளியங்கிரி வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொண்டது. வேர் வைத்தவருக்கா, தலை வைத்தவருக்கா என்று தீர்ப்பு வரும்வரை இருவரும் அதில் ஒரு குரும்பையைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு. எட்டிப் பறிக்கிற உயரத்தில் காய்த்துக் காய்த்து, எலிக்கும் அணிலுக்கும் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் கொங்குநாட்டு வழக்கப்படி, கோர்ட் வராந்தாவில் பார்த்துக்கொண்டாலும் ஒருவரை ஒருவர் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காமல் போனதில்லை.

“கன்னுக்குட்டிக்குங்ணா” என்றார் வெள்ளியங்கிரி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. “கழிச்சல். எளநித் தண்ணி குடுக்கச் சொன்னாரு டாக்டரு.”

“அடப் பாவமே. பாக்கெட்லயா குடுக்கச் சொன்னாரு?”

“அளவு தெரியோணுமாமுங்ணா.”

நாச்சிமுத்து பப்ஸை மெதுவாக மென்றார். “அளவு முக்கியந்தான்” என்றார்.

வீட்டுக்கு வரும்போது பத்து மணி. மனைவி உடுமலைக்கு ஒரு சீருக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது மாராத்தா மட்டும். பதினாறு வருடமாகத் தோப்பிலும் வீட்டிலும் வேலை செய்கிறவள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். ஆனால் என்ன சொன்னீர்கள் என்று நன்றாக விசாரித்துக்கொண்டுதான் செய்வாள்.

“இது எதுக்குங்ணா?” என்று பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு எளநிக் கூட்டுல ஊத்தி, ஸ்ட்ரா போட்டு, வர்றவருக்குக் குடுக்கோணும்.”

“எளநிக்குள்ள எளநிய ஊத்தறதுங்களா?”

“ஆமா.”

“எளநிய வெட்டினா உள்ளயே இருக்குமேங்ணா.”

“அது மருதாசலத்துது. இது என்ற காசு குடுத்து வாங்கினது.”

மாராத்தா இதை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தாள். “அப்ப கூடு ஆருதுங்?”

“கூடு ஆருதா இருந்தா என்ன? வெறும் கூடுதான” என்றார் வெள்ளியங்கிரி. “ஆனா ஒண்ணு. பச்சையா இருக்கோணும். மேல சீவின எடம் வெள்ளை வெளேர்னு, இப்பச் சீவின மாதிரி தெரியோணும்.”

“வேலியோரம் கெடக்கற கூடெல்லாம் கருத்துப்போய்க் கெடக்குதுங்ணா. அதுல ஒண்ணுல பூரான் குடியிருக்குது.”

“அதெல்லாம் ஆகாது. எங்கயாச்சும் தேடு. எப்படியாச்சும் ஒரு பச்சைக் கூடு கொண்டா. அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காத.”

“சரிங்ணா. பச்சைக் கூடு” என்று சொல்லிவிட்டு, கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனாள்.

பதினொன்றரைக்கு வர வேண்டிய கார் பதினொன்று பத்துக்கே வந்துவிட்டது. தாமோதரன் அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டிரைவர் ஸ்டீபனின் சட்டை எல்லாப் பக்கமும் ஒட்டியிருந்தது.

“ஏசி போட மாட்டேனுங்க” என்று தாமோதரன் இறங்கும்போதே சொன்னார். “வேர்க்கோணும். வேர்த்தாத்தான் எளநியோட அருமை தெரியும். உடம்புல இருக்கற உப்பும் தண்ணியும் போகுது பாருங்க, அதை அப்படியே திருப்பிக் குடுக்கறதுக்கு இயற்கை செஞ்சு வச்ச பொருளு அது ஒண்ணுதான். பொட்டாசியம் எத்தனை இருக்குதுங்கறீங்க.”

“நிறைய இருக்குமுங்க” என்றார் வெள்ளியங்கிரி.

“லேப்ல இனிப்பு அளக்கற மெஷின் ஒண்ணு இருக்குது. கொண்டுபோங்க சார்னாங்க. நான் எடுத்துட்டு வரல. முப்பது வருசமா இந்த நாக்குதான் எனக்கு மெஷின். இது ஏமாந்ததே இல்ல.”

வெள்ளியங்கிரியின் நாக்கு வறண்டது.

தாமோதரனைப் பத்து நிமிடம் வாய்க்கால் வரப்பில் நடத்தித் தோப்பைக் காட்டினார். டிரைவர் நிழலைத் தேடி, வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனார். வரப்பிலிருந்து திரும்பியதும் தாமோதரனை வேப்பமரத்தடி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வெள்ளியங்கிரி விசிறி எடுத்துவருகிற சாக்கில் பின்கட்டுக்கு ஓடினார்.

துணி துவைக்கிற கல்லருகே நாலு பாக்கெட்டும் மூலை கிழிந்து, சப்பையாகக் கிடந்தன. அவருக்கு உயிர் வந்தது.

“ஆச்சா?” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டார்.

“ஆச்சுங்ணா. ஸ்ட்ராவக் கழுவிட்டு வந்தர்றேன்” என்றது மாராத்தாவின் குரல்.

காலிப் பாக்கெட்டுகளை அங்கே கவிழ்த்திருந்த கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு, விசிறியோடு முன்பக்கம் வந்தார்.

மாராத்தா ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். பச்சைப் பசேலென்ற கூடு. மேலே சீவிய இடம் தும்பைப் பூ போல இருந்தது. எங்கே பிடித்தாளோ. மனதுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார் வெள்ளியங்கிரி.

தாமோதரன் ஒரு வாய் உறிஞ்சினார். நிறுத்தினார். கண்ணை மூடினார். மறுபடி ஸ்ட்ராவில் வாயை வைத்தவர், அடியில் காற்று உறுமுகிறவரை எடுக்கவில்லை. அதற்குள் வெள்ளியங்கிரி தன் குலதெய்வத்துக்கு ஒரு கிடாய் நேர்ந்திருந்தார்.

“வழுக்கை இருக்குங்களா?” என்றார் தாமோதரன். “வெட்டச் சொல்லுங்க.”

இதை வெள்ளியங்கிரி யோசிக்கவே இல்லை. யாரோ குடித்துப்போட்ட கூட்டில் வழுக்கை எப்படி இருக்கும்? “வேண்டாமுங்க, கத்தி மழுங்கிப்போய்...” என்று ஆரம்பிப்பதற்குள் மாராத்தா ஒரே போடில் இரண்டாகப் பிளந்துவிட்டாள். உள்ளே வழுக்கை, சுரண்டாமல், பாலாடை போல மின்னியது.

மாராத்தாவின் கூலியை ஏற்றித் தந்தாக வேண்டும் என்று வெள்ளியங்கிரி அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

தாமோதரன் வழுக்கையை வழித்துத் தின்று முடித்து, வாயைத் துடைத்து, கண்ணைத் திறந்தார்.

“இதுதானுங்க” என்றார். “இந்த ருசியத்தான் நான் பத்து வருசமா லேப் ஆளுங்ககிட்டக் கேட்டுட்டு இருக்கறேன். பாக்கெட்ல இது வரவே மாட்டேங்குது. எல்லாம் இருக்குது, இது மட்டும் இல்ல. பாக்கெட் பாக்கெட்தான், மரம் மரந்தான். எந்த மரமுங்க இது?”

வெள்ளியங்கிரி தோப்பைப் பார்த்துக் கையை நீட்டினார். கை எந்த மரத்தில் போய் நின்றதோ அதையே, “அதாங்க” என்றார்.

“இன்னொண்ணு அதே மரத்துல குடிச்சுப் பாத்தர்லாம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா இப்பவே பேசி முடிச்சர்லாம்.”

“மரமேறி இன்னைக்கு வரலீங்களே.”

“நம்ம ஸ்டீபன் ஏறுவானுங்க. நாகர்கோவில் பக்கத்து ஆளு. தம்பி, செருப்பைக் கழட்டு.”

பின்பக்கமிருந்து வந்த ஸ்டீபன் புத்துணர்ச்சியோடு செருப்பைக் கழற்றினார்.

“இருங்க, இருங்க” என்று வெள்ளியங்கிரி குறுக்கே போனார். “செவ்வாய்க்கிழமை நாங்க அந்த மரத்துல ஏற மாட்டமுங்க. அதுல முனி இருக்குது.”

“அப்ப இதை எப்ப வெட்டினீங்க?”

“நேத்துங்க.”

“நேத்தா?” தாமோதரன் எழுந்து நின்றுவிட்டார். “நேத்து வெட்டின காயி, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இந்த ருசியோடவா? பிரிட்ஜ்ல வச்சீங்களா?”

“இல்லீங்க.”

“பின்ன?”

“ஈரத்துணி சுத்தி வச்சமுங்க.”

தாமோதரன் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். “என்ன துணி?”

“வேட்டிங்க.”

“பருத்தியா, பாலியஸ்டரா?”

“பருத்திங்க. நாலு முழம்.”

“எத்தனை சுத்து?”

“மூணுங்க” என்றார் வெள்ளியங்கிரி. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மீசையில் சொட்டியது.

“பழைய வேட்டியா, புது வேட்டியா?”

அந்த நேரத்தில் வாசலில் ஆள் அரவம் கேட்டது. காப்பாற்ற யாரோ வந்துவிட்டார்கள் என்று ஆவலாகத் திரும்பினார். நாச்சிமுத்து வந்துகொண்டிருந்தார். தோளில் மடித்துப்போட்ட துண்டு, முகத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவரின் வருத்தம்.

“வணக்கமுங்க” என்று தாமோதரனுக்குக் கும்பிடு போட்டார். “காரு நின்னுச்சு. நான் டாக்டரு வந்துட்டாராட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். தம்பி, கன்னுக்குட்டிக்கு இப்பத் தேவலையா?”

“தேவலைங்ணா. அப்பறமா...”

“என்ன கன்னுக்குட்டி?” என்றார் தாமோதரன்.

“கழிச்சலுங்க, பாவம். தம்பி காலையில முக்குரோட்டு பேக்கரியில உங்க பாக்கெட் நாலு வாங்கிட்டுப் போச்சுங்களே, கன்னுக்குட்டிக்குக் குடுக்கறதுக்கு.”

தாமோதரனின் முகம் மலர்ந்தது. “கன்னுக்குட்டிக்கு நம்ம பாக்கெட்டா? இதை நான் கேள்விப்பட்டதே இல்லையே. எங்க கட்டியிருக்கறீங்க? ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

“எனக்கும் அதுதானுங்க சந்தேகம்” என்றார் நாச்சிமுத்து. “போன மாசமே மாட்டையும் கன்னையும் சேத்தி வித்துப்போட்டாங்களே, இது எந்தக் கன்னுன்னு. பின்கட்டு வழியா எட்டிப் பாத்தேன். கூடைக்கு அடியில காலிப் பாக்கெட்டுத்தான் கெடந்துச்சு. நாலும் இருக்குது.”

துண்டை எடுத்து உதறினார். பச்சைப் பாக்கெட்டுகள் நாலும் தாமோதரனின் காலடியில் விழுந்தன.

வெள்ளியங்கிரி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார். முனி, வேட்டி, கன்றுக்குட்டி என்று காலையிலிருந்து கட்டியதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து தலையில் விழுந்த பிறகு, மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி.

“முதலாளி, மன்னிச்சுக்குங்க” என்றார். “நீங்க குடிச்சது உங்க பாக்கெட்டுங்க. கூட்டுல ஊத்திக் குடுக்கச் சொன்னது நானுங்க. முனியும் இல்ல, வேட்டியும் இல்ல.”

தாமோதரன் குனிந்து ஒரு காலிப் பாக்கெட்டை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிளந்து கிடந்த கூட்டைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார்.

“இதையா நான் குடிச்சேன்?”

“ஆமாங்க.”

“நானூத்தி அறுபது மரத்தை வச்சுக்கிட்டு எதுக்குங்க பாக்கெட்?”

வெள்ளியங்கிரி குத்தகையைச் சொன்னார். எலுமிச்சையையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

“ஒரே ஒரு காயி. வெட்டியிருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமுங்களே.”

நாச்சிமுத்து துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, இனி நடக்கப்போவதைப் பார்க்க வசதியாக நின்றுகொண்டார்.

தாமோதரன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வயிற்றுக்கு வந்து, பிறகு சத்தமாக வெளியே வந்தது. சிரிப்போடு சிரிப்பாகப் போனை எடுத்தார்.

“ராஜகோபாலு, பாக்கெட்ல மரத்து ருசி கொண்டாறதுக்குன்னு லேப்ல கேட்டாங்களே, அந்த ஜெர்மனி மெஷினுக்கு ஆர்டர் போட்டாச்சா? போடாத. வேண்டாம். ருசி வந்துருச்சு. எங்கயா? நம்ம பாக்கெட்லதான்யா. நானே குடிச்சேன். கூட்டுல ஊத்திக் குடுத்தாங்க, மரத்துல இருந்து பறிச்சதுன்னு நெனைச்சுட்டேன். நானே ஏமாந்துட்டேன்யா. ஆமா, இந்த நாக்குதான்.”

போனை வைத்துவிட்டு எழுந்து வெள்ளியங்கிரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“பத்து வருசமா என்ற சரக்கை நானே மட்டமா நெனைச்சுட்டு இருந்தேனுங்க. நீங்கதான் கண்ணைத் தொறந்தீங்க. அது ஒரு பக்கம் கெடக்கட்டும். காரியம் கெட்டுப்போகும்னு தெரிஞ்சும் உள்ளதை உள்ளபடி சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான் எந்த லேபுக்குப் போவேன்? மூணு வருசம் இல்ல, அஞ்சு வருசம் எழுதிக்கலாம்.”

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “ஏனுங்க, போன வாரம் நம்ம தோப்புலயும் குடிச்சீங்களே. தலையக்கூட ஆட்டினீங்க.”

“குடிச்சேனுங்க. நல்ல எளநிதான். குத்தம் சொல்ல முடியாது” என்றார் தாமோதரன். “ஆனா இப்பக் குடிச்சனே, இந்தப் பாக்கெட், இதுக்குப் பக்கத்துல உங்க மரத்துக் காயி நிக்காதுங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

நாச்சிமுத்து மனதில்தான் வைத்துக்கொண்டார். முகத்தில் வைக்க இடம் இல்லை. “சரி தம்பி, பொழுதோட பாக்கலாம். சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

ஒப்பந்தத்தைக் காரின் முன்பக்கத்தில் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரும்பு கொதித்ததால் வெள்ளியங்கிரியின் கையெழுத்து கொஞ்சம் அவசரமாக விழுந்தது. அடுத்த மாதம் ஆள் அனுப்புவதாகவும், அவரை வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் படம் எடுத்து, ‘முதலாளியே ஏமாந்தார்’ என்று ஊர் ஊராகப் பலகை வைக்கப்போவதாகவும் தாமோதரன் சொன்னார். பாக்கெட்டின் முதுகிலும் அதை அச்சடிக்கப்போகிறாராம்.

கார் திரும்பும்போது ஸ்டீபன் கண்ணாடியை இறக்கி, வாசலில் நின்ற மாராத்தாவைப் பார்த்து, ஒரு கையை நெற்றிவரை உயர்த்திக் கும்பிட்டார்.

“அக்கா, இப்பத்தான் உசுரு வந்துச்சு. நல்லாருப்பீங்க.”

தூசி அடங்கியது. வெள்ளியங்கிரி ஒப்பந்தத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எடுத்து மறுபடி படித்தார். மறுபடி வைத்தார். மருதாசலத்தின் வாசப்படியை இனி அஞ்சு வருடத்துக்கு மிதிக்க வேண்டியதில்லை. உண்மை பேசினால் கெட்டுப்போக மாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

“மாராத்தா, நாளையில இருந்து உனக்குக் கூலி சேத்தி” என்றார். “அந்தப் பச்சைக் கூடு மட்டும் சரியாக் கெடைக்கலீன்னா எல்லாம் போயிருக்கும். அது சரி, அந்த டிரைவரு எதுக்கு உனக்கு அத்தனை பெரிய கும்பிடு போட்டுட்டுப் போறாரு?”

“அவருக்குத் தலை சுத்துச்சுங்ணா. துவைக்கற கல்லு மேலயே சாஞ்சுட்டாரு. நீங்க குடுத்த பாக்கெட்டு நாலையும் ஒடைச்சு அவரு வாயில ஊத்தினேன். எந்திரிச்சுட்டாரு.”

வெள்ளியங்கிரியின் கை சட்டைப் பைமேல் அப்படியே நின்றது.

“நாலுமா?”

“நாலுமுங்ணா.”

“அப்ப, கூட்டுல ஊத்தினது?”

மாராத்தா தட்டைக் கவிழ்த்து, மிச்சமிருந்த இரண்டு சொட்டைக் கீழே தட்டிவிட்டாள்.

“எங்க தேடியும் பச்சைக் கூடு கெடைக்கலீங்ணா, அதான் பின்கட்டுல அந்த வழக்கு மரத்துல ஒண்ணை இழுத்து வெட்டினேன், பாத்தா உள்ள தண்ணி ரொம்பி இருந்துச்சு, அதைக் கீழ ஊத்திப்போட்டுப் பாக்கெட்ட ஊத்தறதுக்கு எனக்கென்ன கிறுக்குங்களா?”